ஊசி வழியே போகும் உயிரணுக்கள்



ஊசி போட்டுக்கொள்ளாதவர் நம்மில் எவரும் இரார். தோட்டத்து மருந்தகத்தில் வரிசையில் நின்று கையை நீட்டியவர்களும் உண்டு. முறை வருமுன் பின்வாசல் வழியே ஓடியவர்களும் உண்டு. ஊசி என்றதும் நாம் கேட்பதெல்லாம், "வலிக்குமா?" என்ற ஒரு கேள்விதான். ஊசிக்குள் இருக்கும் மருந்துக்கு வலிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பென்சிலின் உயிரற்ற பொருள். மெல்லிய ஊசியில் செலுத்தினாலும் தடித்த ஊசியில் செலுத்தினாலும் அது பென்சிலினாகவே உடம்புக்குள் போய்ச் சேரும்.

ஆனால், இக்காலத்து மருத்துவத்தில் உயிருள்ள மருந்து என்ற ஒன்று வந்திருக்கிறது. அந்த மருந்து துரும்பிலும் சிறிய உயிரணுக்களால் ஆனது. அதற்கு அடிபடும், அது களைத்துப் போகும், வழியிலேயே இறந்தும் போகும். ஆகவே, அதைப் பொறுத்தவரையில் எந்த ஊசி, எவ்வளவு வேகம், எந்த நீர்மம், உடம்பின் எந்த வழி என்பவை எல்லாம் சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன. இதனைக் குறித்தே இன்று நாம் சற்று விரிவாகச் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், அந்த உயிரணு எது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்' என்பார்கள். தமிழில் 'குருத்தணு' என்று சொல்கிறோம். மிகவும் பொருத்தமான பெயர். வாழையில் விரிந்த இலை இனி இலையாகவே இருந்து பழுத்து உதிரும். நடுவில் சுருண்டிருக்கும் குருத்திலிருந்துதான் புதிய இலை வரும். நமது உடம்பிலும் அப்படியே. தோலணு தோலணுவாகவும், நரம்பணு நரம்பணுவாகவும் முற்றிப்போய் விடுகின்றன. குருத்தணுவோ தன்னைப் போன்ற அணுவையும் உண்டாக்கும். முற்றிய வேறு அணுக்களையும் உண்டாக்கும்.

நமது எலும்புக்குள் இருக்கும் மச்சையில் இத்தகைய குருத்தணுக்கள் இருக்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்களாக ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. கனடா நாட்டின் டொரோண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இரு விஞ்ஞானிகள், 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட தங்கள் எலிச் சோதனைகளின் வழி இந்தக் குருத்தணுக்களை ஆராய வழி திறந்தார்கள். எலும்பு மச்சையை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குச் செலுத்தும் சிகிச்சையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சிகிச்சை சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டிலும், நமது மலேசியாவில் 1987ஆம் ஆண்டிலும் தொடங்கிவிட்டது. இரத்தப் புற்றுநோய், தாலசீமியா போன்ற நோய்களுக்கு அது இன்று நன்கு நிலைபெற்றுவிட்ட சிகிச்சை. ஆக, குருத்தணுச் சிகிச்சை என்பது வெறுங்கதை அன்று. அதே வேளையில், அந்தப் பெயரைச் சொல்லி விற்கப்படும் எல்லாமே அதற்கு நிகரானவையும் அல்ல. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய, ஊசியைப் பற்றிய அறிவு நமக்கு உதவும்.

நேயர்களே, தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஓர் எடுத்துக்காட்டு எளிதில் விளங்கும். நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றுகள் வளர்கின்றன. ஏறக்குறைய ஓராண்டு ஆனதும் அவற்றை லோரியில் ஏற்றி நடவுக்கு அனுப்புகிறார்கள். எத்தனை கன்றுகள் பண்ணையை விட்டுப் போயின என்று கிராணியார் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். ஆனால், துரை கேட்கும் கேள்வி வேறு. "எத்தனை கன்று வேர் பிடித்தது?" என்றுதான் அவர் கேட்பார். லோரியில் நெரிந்தவை, வெயிலில் வாடியவை, தவறான மண்ணில் இறக்கப்பட்டவை ஆகிய அனைத்தும் கிராணியார் கணக்கில் உண்டு, காட்டில் இல்லை. உயிரணுச் சிகிச்சையிலும் இவ்விரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஊசிக் குழாயில் ஏற்றிய கணக்கு ஒன்று. உடம்பில் உயிரோடு நின்று வேலை செய்யும் கணக்கு மற்றொன்று.

இவ்விரண்டு கணக்குகளுக்கும் இடையில் என்ன நிகழ்கிறது? ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

ஊசிகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட ஊசியின் துளை சிறுத்துக்கொண்டே போகும். 21ஆம் எண் ஊசியின் உட்துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 26ஆம் எண் ஊசியின் துளை அதில் பாதி, அதாவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். எலும்பு மச்சையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கிய குருத்தணு ஒன்றின் குறுக்களவு 15 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அப்படியானால், கால் மில்லிமீட்டர் துளை என்பது 250 மைக்ரான். அணுவைப்போல எட்டு மடங்குக்கும் மேலான அகலம் இருக்கிறதே, அணு தாராளமாகப் போய்விடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அணு துளையில் சிக்குவதில்லை. அதற்குத் தீங்கு செய்வது துளையின் அகலக் குறைவு மட்டுமன்று. அதனால் நீர்மம் ஓடும் ஓட்டத்தின் தன்மையே.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. துளையின் குறுக்களவு பாதியானால் பரப்பு கால் பங்காகிறது. அதே நேரத்தில் அதே அளவு நீர்மம் போக வேண்டுமானால் அது நான்கு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அப்படித் தள்ளுவதற்கு வேண்டிய அழுத்தமோ பதினாறு மடங்கு. நுண்ணிய குழாய்களில் நீர்மம் ஓடும் இந்த விதியை 1840ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவரான புவாசேய் சோதனை செய்து வகுத்தார். இரத்தம் நுண்குழாய்களில் எவ்வாறு ஓடுகிறது என்று அறியும் ஆர்வமே அவரை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்தது.

குழாய்க்குள் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆற்றில் கரையோரம் நீர் தயங்கும், நடுவில் விரையும். ஊசிக்குள்ளும் அப்படியே. சுவரை ஒட்டிய நீர் நிற்கிறது. நடு நீர் பாய்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அணுவின் ஒரு பக்கம் பின்தங்க, மறுபக்கம் முன்னே இழுபடுகிறது. இரு உள்ளங்கைகளுக்கு இடையில் மாவை வைத்துத் தேய்த்தால் எப்படியோ அப்படி.

இதைவிடக் கடுமையான இடம் ஒன்று இருக்கிறது. அது ஊசியின் நுழைவாயில். தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் அச்சை நினைத்துப் பாருங்கள். அகன்ற உருளையில் மாவு மெல்ல நகர்கிறது. அடித்தட்டின் சிறு துளையை நெருங்கியதும் திடீரென்று வேகம் கொள்கிறது, இழுபட்டு நீள்கிறது. ஊசிக் குழாயின் அகன்ற பகுதியிலிருந்து ஊசியின் துளைக்குள் நுழையும் அணுவுக்கும் இதே கதிதான். அதன் முன்பகுதி துளைக்குள் விரைய, பின்பகுதி இன்னும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. அணுவின் மேற்சவ்வு மிக மெல்லியது. இந்த இழுவையைத் தாங்காதவை கிழிந்து போகின்றன.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியும் அன்று. இரத்தச் சோதனைக்குப் போனவர்களில் சிலரை, "இரத்தம் கெட்டுவிட்டது, மறுபடியும் எடுக்க வேண்டும்," என்று திருப்பி அழைப்பதுண்டு. மிக மெல்லிய ஊசியில் வலிந்து இழுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து நீர் சிவந்து போவது அதற்கு ஒரு காரணம். சிவப்பணுவாவது வளைந்து கொடுக்கும் இயல்புடையது. அதற்கே இந்த நிலை.

குருத்தணுக்களின் நிலையை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாரா ஹெய்ல்ஷோர்ன் அம்மையாரின் குழுவினர் 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொப்புள்கொடி நாளத்தின் உட்சுவர் அணுக்களை வெறும் உப்பு நீர்மத்தில் கலந்து ஊசியின் வழியே செலுத்தியபோது, 100க்கு ஏறக்குறைய 59 அணுக்களே உயிரோடு வெளிவந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை நோயாளியின் உடம்பைத் தொடும் முன்னரே அழிந்துவிடும் என்பது இதன் பொருள். அந்த அழிவுக்கு முதன்மையான காரணம், நாம் சற்று முன்னர் கூறிய அந்த நுழைவாயில் இழுவையே என்றும் அவர்கள் கண்டார்கள்.

அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தீர்வையும் தேடினார்கள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அல்ஜினேட் என்னும் பொருளை இலேசாக உறைய வைத்து, அந்தக் கூழுக்குள் அணுக்களை வைத்துச் செலுத்தினார்கள். நாம் விருந்துக்குச் செய்யும் அகார்-அகாரும் கடற்பாசியில் கிடைப்பதுதான். அதைவிட மிக மிக இளக்கமான கூழ் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது 100க்கு ஏறக்குறைய 89 அணுக்கள் பிழைத்தன. கொழுப்பிலிருந்து எடுத்த மனிதக் குருத்தணுக்களுக்கும் இந்தப் பாதுகாப்புக் கிடைத்தது.

கூழ் எப்படிக் காப்பாற்றுகிறது? மறுபடியும் முறுக்கு மாவையே பார்ப்போம். மாவில் தூவிய எள் ஒன்று துளை வழியே வரும்போது நசுங்கியா வருகிறது? இல்லை. சுற்றியுள்ள மாவு திரளாக வழுக்கிக்கொண்டு வருகிறது. உராய்வு எல்லாம் ஓரத்து மெல்லிய படலத்தோடு போய்விடுகிறது. உள்ளே இருக்கும் எள் பத்திரமாக இருக்கிறது. இளங்கூழுக்குள் இருக்கும் அணுவின் நிலையும் இத்தகையதே. ஆனால், பக்குவம் முக்கியம். கூழ் சற்று இறுகினாலும் பாதுகாப்புக் குறைந்தது. சற்று இளகினாலும் குறைந்தது. உறையாத அல்ஜினேட் கரைசலோ சாதாரண நீர்மத்தைவிடவும் மோசமாக இருந்தது. முறுக்கு மாவுக்குப் பக்குவம் பார்க்கும் நம் தாய்மார்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சரி, வேகம்தான் கெடுதல் என்றால் மிக மெதுவாகச் செலுத்திவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் இயற்கை நமக்குப் பொறுமையைக் கற்பிக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில், தாங்கள் சோதித்த அளவுகளுக்குள் மிக மெதுவான செலுத்துகை சிறந்ததாக இல்லை என்று கண்டார்கள். சற்று விரைவாகச் செலுத்தியபோதே கூடுதலான அணுக்கள் உயிரோடு வெளிவந்தன. காரணம் எளிது. அணுக்கள் நீர்மத்தைவிடச் சற்றுக் கனமானவை. குழாயில் நேரம் கடத்தினால், கலக்காத கோப்பிக் குவளையின் அடியில் தூள் தங்குவதுபோல், அவை அடியில் படிந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஊசியைக் காலி செய்தோம் என்று நாம் நினைப்போம். மருந்தின் ஒரு பகுதி குழாயிலேயே இருந்துவிடும். ஆக, மிகுந்த வேகமும் ஆகாது. மிகுந்த தாமதமும் ஆகாது. ஒவ்வொரு வகை அணுவுக்கும், ஒவ்வோர் ஊசிக்கும் உரிய வேகத்தைச் சோதித்தே அறிய வேண்டும்.

அடுத்து, அணு உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டிரைபான் நீலம் என்ற சாயம் ஒன்று உண்டு. உயிருள்ள அணுவின் சவ்வு அந்தச் சாயத்தை உள்ளே விடாது. சவ்வு கிழிந்த அணு நீலமாகிவிடும். நுண்ணோக்கியில் நீலத்தை எண்ணினால் இறந்தவற்றின் கணக்குக் கிடைத்துவிடும். ஆயினும், இந்தச் சோதனைக்கு ஒரு குறை இருக்கிறது. ஊசியிலிருந்து வெளிவந்த நொடியில் சாயத்தை ஏற்காத அணுவும், பட்ட அடியால் சில மணி நேரத்திலோ மறுநாளோ தானாகவே மடிந்து போகலாம். லோரியிலிருந்து இறக்கும்போது பச்சையாகத் தெரிந்த கன்று ஒரு வாரத்தில் வாடுவதில்லையா? ஆகவே, கவனமான ஆய்வாளர்கள் உடனே ஒரு முறையும், ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் எண்ணுகிறார்கள். அணு பிழைத்ததோடு, பெருகும் ஆற்றலையும் இழக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

ஊசிக்கு முன்னாலும் சோதனைகள் உண்டு. இந்த அணுக்களைப் பெரும்பாலும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். அதன் வெப்பநிலை சுழிக்குக் கீழே 196 பாகை. உறையும்போது பனி ஊசிகள் அணுவைக் கிழித்துவிடாமல் இருக்க, டி.எம்.எஸ்.ஓ. என்னும் நீர்மத்தைக் கலக்கிறார்கள். உறைநிலையில் காக்கும் அதே நீர்மம், அணுக்கள் உருகிச் சூடேறிய பின்னர் அவற்றுக்கே கேடு செய்யும். ஆகையால், உருக்கிய பின்பு வீணாகக் காலம் தாழ்த்தக் கூடாது. எவரோ ஒருவர் அணுக்களைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊசி போடலாம் என்பது நடவாத காரியம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இனி, ஊசியைக் கடந்து உடம்புக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கை நாளத்தில் செலுத்தினால் இரத்தம் எங்கே போகும்? ஆறாம் வகுப்பு மாணவனும் சொல்லுவான்: இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். நுரையீரலின் நுண்குழாய்கள் 10 மைக்ரானுக்கும் குறுகியவை. 15 முதல் 30 மைக்ரான் வரை பருத்த, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்கள் அங்கே போனால் என்ன ஆகும்? பெரும்பாலானவை அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. எலிகளில் செய்த ஆய்வு ஒன்று இதனை 2009ஆம் ஆண்டில் தெளிவாகக் காட்டியது. முழங்காலுக்கென்று கை நாளத்தில் செலுத்திய அணுக்கள் முழங்காலுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அப்படியானால், எலும்பு மச்சைச் சிகிச்சையில் மட்டும் நாளத்தில் ஏற்றியது எப்படிச் சரியான இடத்துக்குப் போகிறது? அங்கே செலுத்துவது இரத்தக் குருத்தணுக்களை. அவை அளவில் சிறியவை. எலும்பு மச்சை வெளியிடும் ஒரு வேதிச் சைகையை உணர்ந்து, கூடு திரும்பும் பறவையைப்போல அவை தம் வீட்டை நாடிச் செல்கின்றன. மற்ற அணுக்களுக்கு அத்தகைய வழிகாட்டி இல்லை, அல்லது மிகவும் குறைவு. ஒரு சிகிச்சை வென்றது என்பதற்காக, அதே வழியில் செலுத்தும் எல்லாச் சிகிச்சையும் வெல்லும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

இதயத்திற்கே நேரடியாகச் செலுத்தினால்? செருமனியின் ஹனோவர் நகர மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் எலும்பு மச்சை அணுக்களுக்கு அடையாளமிட்டு, இதயத் தமனிக்குள்ளேயே கொண்டுபோய்ச் செலுத்தி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிரித்தெடுக்காத அணுக்களில் 100க்கு மூன்றுகூட இதயத்தில் தங்கவில்லை. இரத்தக் குருத்தணுக்களை மட்டும் தனியே பிரித்துச் செலுத்தியபோது 100க்கு 14 முதல் 39 வரை தங்கின. இடம் மிக அருகில் இருந்தும் இந்த நிலை. துடிக்கும் தசைக்குள் நேரே குத்திச் செலுத்தினாலும், துடிப்பின் அழுத்தத்தால் ஊசி போன வழியே ஒரு பகுதி பிதுங்கி வந்துவிடுவது உண்டு.

மூளையில் செலுத்தும்போதும் இதே பின்வாங்கல் நேரும். ஆகையால், அறுவை மருத்துவர்கள் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஊசியை உடனே உருவாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, பின்னர் மெல்ல வெளியே எடுக்கிறார்கள். ஜப்பானின் கியோத்தோ நகரில் பார்க்கின்சன் எனும் நடுக்கவாத நோயாளர் எழுவரின் மூளையில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய நரம்பு முன்னணுக்களைச் செலுத்தினார்கள். இரண்டாண்டுகள் கண்காணித்த பின்னரே, அணுக்கள் பிழைத்திருப்பதையும் கட்டி எதுவும் உண்டாகாததையும் 2025ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இரண்டாண்டுக் கண்காணிப்பு என்பதை நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில இடங்களில் ஊசியையே தவிர்த்துவிடுவதும் உண்டு. ஜப்பானின் கோபே நகரில் 2014ஆம் ஆண்டில் கண் நோயுற்ற மூதாட்டி ஒருவருக்கு, அவரது தோலிலிருந்து தொடங்கி வளர்த்த விழித்திரை அணுக்களை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஏடாகவே வைத்தார்கள். அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும்போது பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பிரித்துத் தனித்தனியாக்கினால் பற்றுக்கோடு இல்லாமல் பல மடிந்துவிடும். பாய் நாற்றங்காலிலிருந்து நாற்றை மண்ணோடு பாயாகச் சுருட்டி எடுத்துப் போவதைப் போன்ற முறை இது. ஆனால், அதற்கு அறுவை வேண்டும். எளிய ஊசியா, பத்திரமான ஏடா என்று மருத்துவர்கள் ஒவ்வொரு நோய்க்கும் எடைபோட்டுப் பார்க்கிறார்கள்.

நேயர்களே, இவற்றையெல்லாம் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? காரணம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் மேட்டிலும் பள்ளத்திலும் பால்மரம் வெட்டிய கால்கள் வலிக்கத்தான் செய்யும். சர்க்கரை நோயும் நம்மவரிடையே மிகுந்திருக்கிறது. வேலை ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. அந்த வேளையில், "ஓர் ஊசியில் இத்தனை கோடி அணுக்கள், முழங்கால் புதிதாகும், சர்க்கரை ஓடிப்போகும்," என்று கவர்ச்சியான விளம்பரமும் வந்து சேர்கிறது. வலியில் இருப்பவர் நம்பத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் சார்பில் கேட்கலாம் அல்லவா?

இத்தனை கோடி என்பது கிராணியார் கணக்கு. துரையின் கணக்கை நாம் கேட்க வேண்டும். அணுக்களில் எத்தனை உயிரோடு இருந்தன என்று ஊசி போடும் முன் சோதித்தார்களா? எந்த வழியாகச் செலுத்துகிறார்கள்? அந்த வழியில் போனவை வேண்டிய இடத்தை அடைந்தன என்பதற்கு என்ன சான்று? இந்தச் சிகிச்சை இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றதா, அல்லது இன்னும் ஆராய்ச்சியா? ஊசி போட்ட பின்னர் எத்தனை மாதம், எத்தனை ஆண்டு கண்காணிப்பார்கள்? இக்கேள்விகளுக்கு நேர்மையான மருத்துவர் பொறுமையாக விடை சொல்வார். சினப்பவரிடமும், "இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி," என்பவரிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முறையான ஆராய்ச்சியில் பொதுவாக நோயாளியிடம் சிகிச்சைக்கென்று பெருந்தொகை கேட்பதில்லை என்பதையும் அறிந்துகொள்வோம்.

கேட்காமல் போனதால் வந்த விளைவுக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 72 முதல் 88 வயது வரையான மூன்று பெண்மணிகளுக்கு, அவர்களது கொழுப்பிலிருந்து எடுத்ததைக் 'குருத்தணு' என்று சொல்லி, ஒரே நாளில் இரு கண்களிலும் ஊசியால் செலுத்தினார்கள். மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். 2017ஆம் ஆண்டில் மருத்துவ ஏடு ஒன்று இதை வெளியிட்டது. முதலில் ஒரு கண்ணில் மட்டும் செய்து பார்க்க வேண்டும் என்ற சாதாரண எச்சரிக்கைகூட அங்கே கடைப்பிடிக்கப்படவில்லை.

நமது நாட்டில் சுகாதார அமைச்சு குருத்தணு ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் 2009ஆம் ஆண்டில் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. உயிரணு மருந்துகளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் கண்காணிக்கிறது. பதிவு பெற்ற மருந்துகளின் பட்டியலைக் கைத்தொலைபேசி வழியாகவே எவரும் தேடிப் பார்க்கலாம். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அந்தத் தேடல் கடினமாக இருக்கலாம். படிக்கும் பிள்ளைகளுக்குக் கடினமன்று. அரசாங்க மருத்துவமனை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்வதும் நல்லது.

இரத்தக் குருத்தணுச் சிகிச்சையால் இன்று எத்தனையோ குழந்தைகள் பிழைத்துப் பள்ளிக்கு வருகிறார்கள். மற்ற நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இச்சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. ஊசியின் துளையையும், கூழின் பக்குவத்தையும், செலுத்தும் வேகத்தையும் அளந்து அளந்து பார்க்கும் ஆராய்ச்சியாளர்களின் பொறுமையே அந்நோய்களுக்கும் ஒரு நாள் வழி திறக்கக்கூடும். அதுவரை நாமும் பொறுமையோடும் விழிப்போடும் இருப்போம். எத்தனை ஏற்றினார்கள் என்று மட்டும் கேட்காமல், எத்தனை உயிரோடு போய்ச் சேர்ந்தன என்றும் கேட்கப் பழகுவோம்.